முதல் செமஸ்டரிலேயே உங்கள் பெயரைச் சரிபாருங்கள்

ஜூலை பிறந்தால் எங்கள் துறை வாசலில் ஒரு மேசையைப் போட்டு, புதிதாகச் சேரும் பிள்ளைகளின் படிவங்களைப் பார்க்க ஆய்வு மாணவர்களை உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு இது மூன்றாவது வருஷம். பதினேழு வயதில் நான் செய்த அதே தவறை, அதே அவசரத்தோடு, யாராவது ஒருவர் என் கண்ணெதிரே செய்கிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கிளாஸைக் கட் அடிக்காதே, பரீட்சைக்கு முந்தின ராத்திரி வரை புத்தகத்தைத் தொடாமல் இருக்காதே என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

நாமினல் ரோலில் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

சேர்ந்த சில வாரங்களில் நாமினல் ரோல் என்று ஒரு தாள் வரும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் அச்சாகியிருக்கும், பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம். பெஞ்ச் பெஞ்சாகக் கைமாறி வரும், மணி அடிக்கும் நேரமாக இருக்கும், முன்னால் இருப்பவன் பேனாவை நீட்டுவான், நாமும் போட்டுவிட்டுப் பின்னால் தள்ளிவிடுவோம். நான் அப்படித்தான் போட்டேன். ஹால் டிக்கெட்டிலிருந்து பட்டச் சான்றிதழ் வரை எல்லாம் அந்தத் தாளில் இருக்கும் பெயரில்தான் அச்சாகப் போகின்றன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் ஆங்கிலத்தில் ஒரே சொல், அதன் பின்னால் அப்பாவின் இனிஷியல். நாமினல் ரோலிலோ பெயரின் நடுவில் ஓர் இடைவெளி விழுந்து இரண்டு சொல்லாகியிருந்தது, இனிஷியலைக் காணோம். முதல் மார்க் ஷீட் வந்தபோதே பார்த்துவிட்டேன். "மார்க் சரியா இருக்குல்ல, பேர்ல என்னடா, கடைசியில மாத்திக்கலாம்" என்றார் ஹாஸ்டல் அறையில் இருந்த சீனியர் அண்ணன். சரி என்று விட்டுவிட்டேன். ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டும் அதே பெயரில் வந்து சேர்ந்தன.

படிப்பு முடிந்து ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அனுப்பினார்கள். பத்தாம் வகுப்பில் ஒருவர், பட்டத்தில் வேறொருவர் என்று திரும்பி வந்தது. திருத்தத்துக்கு அலைய ஆரம்பித்தேன். ஆறு மார்க் ஷீட்டின் ஒரிஜினலையும் ஒப்படைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம், கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதம், அப்புறம் சிஓஇ ஆபீஸில், அதாவது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அலுவலகத்தில், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு. ஒரு நாள் போனால் செக்‌ஷன் அதிகாரி லீவு, இன்னொரு நாள் போனால் சலானில் கணக்குத் தலைப்பு தவறு. ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்புவேன். ஐந்து மாதம் ஆனது. வேலை இரண்டாவது மாதமே கைவிட்டுப் போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது, ஏனென்றால் முதல் செமஸ்டரில் துறைத் தலைவரிடம் ஒரு கடிதமும் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகலும் கொடுத்திருந்தால் அன்று சாயங்காலமே முடிந்திருக்கும் வேலை அது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம், காரணம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பான் கார்டிலும் அப்படித்தான். ஆக ஓர் இடத்தில் ஓர் எழுத்து, இன்னோர் இடத்தில் அப்பாவின் முழுப்பெயர், மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது இங்கே எத்தனை வீடுகளில் பதறினார்கள் என்று நினைவிருக்கலாம். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயருக்கான இடத்துக்குப் போய்விடும், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று வரும், அதாவது முதற்பெயர் தெரியவில்லை.

அதனால் நாமினல் ரோல் வரும் நாளில் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து எழுத்தாக, இடைவெளி உட்பட ஒப்பிடுங்கள். தமிழ்ப் பெயரையும் பாருங்கள், பட்டத்தில் அதையும் அச்சிடும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அப்பா சின்னசாமி என்றால் தமிழில் 'சி', ஆங்கிலத்தில் 'சி' என்னும் எழுத்து. ஆனால் தட்டச்சு செய்பவர் ஆங்கிலத்தில் 'எஸ்' என்று அடித்துவிடுவார், அல்லது தமிழில் வெறும் 'ச' என்று அடித்துவிடுவார். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருந்தால் இங்கேயும் இனிஷியல் மட்டுமே இருக்கட்டும், ஆசையாக அப்பாவின் முழுப்பெயரைச் சேர்க்காதீர்கள். திருத்தக் கடிதம் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள்.

போன வாரம் ஒரு பெண் "கிளாஸுக்கு நேரமாச்சு அண்ணா, எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று கிளம்பினாள். உட்கார வைத்தேன். பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருந்தன.

உதவித்தொகைக்கு எந்த வங்கிக் கணக்கு என்று தெரியாமல் இருப்பது

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வர வேண்டியவர்கள் "பாஸ்புக் கொடுத்துவிட்டேன், பணம் வரவில்லை" என்று நிற்பார்கள். வங்கியில் ஆதார் நகலைக் கொடுப்பது வேறு, என்பிசிஐ (தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம்) பட்டியலில் உங்கள் ஆதாரோடு அந்த வங்கி இணைந்திருப்பது வேறு. ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும், அது நீங்கள் எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்காகக்கூட இருக்கலாம். மை ஆதார் தளத்தில் நுழைந்தால் எந்த வங்கி என்று காட்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

போய் வந்த பிறகு ஓ.டி. (ஆன் டியூட்டி வருகை) கேட்பது

விளையாட்டுக்கோ என்எஸ்எஸ் முகாமுக்கோ போவதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள்.

எந்த அலுவலகம் எங்கே என்று விசாரிக்காமல் கிளம்புவது

சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த இடம் இல்லை, நண்பர்கள் படித்தார்கள். பதிவாளர் அலுவலகம் சேப்பாக்கத்தில், அறிவியல் துறைகள் பல கிண்டியில், அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணியில். தவறான வளாகத்துக்குப் போனால் ஒரு நாள் போச்சு. போன் பண்ணிக் கேட்டுவிட்டு, சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் போங்கள்.

ஒரிஜினலை ஸ்கேன் எடுக்காமல் ஒப்படைப்பது

மாணவர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

அரியரைத் தள்ளிப்போடுவது

தோற்ற பாடத்தை அடுத்த தேர்விலேயே எழுதிவிடுங்கள். ரெகுலேஷன், அதாவது பாடத்திட்டம், மாறினால் உங்கள் பாடத்தை நடத்தும் ஆசிரியரே இருக்கமாட்டார், வகுப்பு நோட்ஸும் கிடைக்காது, அதற்கு ஈடான (ஈக்விவலன்ட்) பேப்பர் எது என்று தேடி மறுபடியும் அதே சிஓஇ ஆபீஸ் படியேற வேண்டியிருக்கும்.

கட்டிய சலான்

பட்டம் கைக்கு வரும்வரை ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.