ஆசிட் தொட்டியருகே வேலையா? முன்பற்களைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழுப்புப் பல் யாருக்கும் புதிதல்ல. ஃப்ளோரைடு மிகுந்த போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் ஏராளம். அதனால்தான் ஓசூரில் பிளேட்டிங் (உலோகப் பூச்சு), பேட்டரி சார்ஜிங் வேலையில் ஆசிட் புகை பல்லை அரித்தாலும், "சின்ன வயசுத் தண்ணி" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு.

ஃப்ளோரைடு கறை பல் முளைக்கும்போதே இருக்கும். வெள்ளைக் கோடு, பழுப்புத் திட்டு, இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆசிட் அரிப்பு வேலைக்குச் சேர்ந்த பிறகு வரும். பேசும்போதும் வாயால் மூச்சு விடும்போதும் உதடு மூடாத முன்பற்களின் நுனி மெலிந்து, கண்ணாடிபோலாகி, குட்டையாகும். பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல் போனதும் உள்ளிருக்கும் மஞ்சள் தெரியும், குளிர்ந்த தண்ணீர் கூசும். கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில் போனில் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

வேலை முடிந்ததும் பல் துலக்காதீர்கள். வாயின் pH (குறையக் குறைய ஆசிட் அதிகம் என்று காட்டும் அளவு) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். அப்போது மேற்பரப்பு மெத்தென்றிருப்பதால் பிரஷ் அதைத் தேய்த்தே எடுத்துவிடும். முதலில் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்து அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு மணி நேரம் கழித்து மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட். பெரியவர்களுக்குப் பல் ஏற்கெனவே உருவாகிவிட்டதால் பேஸ்டால் புதுக் கறை வராது. விழுங்காமல் துப்பினால் போதும். இடைவேளையில் எலுமிச்சை ஜூஸ், சோடா பானம் வேண்டாம். அரிப்பின் மேல் அரிப்பாகும்.

கொப்பளிப்பதைவிடப் புகையை நிறுத்துவதே முக்கியம். துணி மாஸ்க், தூசி மாஸ்க் ஆசிட் வாயுவைத் தடுக்காது. ஆசிட் வாயுவுக்கான கார்ட்ரிட்ஜும் (வாயுவைப் பிடிக்கும் டப்பா) துகள் வடிகட்டியும் சேர்ந்த மாஸ்க்கைக் கேளுங்கள். புகை உறிஞ்சி தொட்டியின் விளிம்பிலேயே இருக்க வேண்டும். கூரையில் உள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் புகையை உங்கள் முகத்தைத் தாண்டித்தான் மேலே இழுக்கும்.

பேட்டரி லைனில் ஈயமும் உண்டு. ஈறின் ஓரத்தில் நீலக் கறுப்புக் கோடு தெரிந்தால் பல் டாக்டரோடு நிறுத்தாமல் ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். கை, முகம் கழுவாமல் அங்கே எதையும் தின்னாதீர்கள், புகையிலை மெல்லாதீர்கள்.

இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகும்போது எந்த ஆசிட், எத்தனை ஆண்டு, மாஸ்க் உண்டா என்று எழுதிக்கொண்டு போங்கள். சொல்லாவிட்டால் டாக்டரும் தண்ணீரையே காரணமாக நினைக்கக்கூடும்.