பாவமில்லாமல் வாழ முடியுமா? விசுவாசிகள் தவறும் இடங்கள்

"இரட்சிக்கப்பட்ட பிறகு பாவமே செய்யாமல் வாழ முடியுமா, பாஸ்டர்?" சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் வீட்டுக் கூட்டங்களில் இந்தக் கேள்வி எழுந்தால், பெரும்பாலும் யோவானின் முதல் நிருபத்தைத்தான் திறப்பார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. ஒருவர் 3:9-ஐ வாசித்து, "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்" என்று அடித்துச் சொல்வார். இன்னொருவர் 1:8-ஐக் காட்டி, பாவமில்லை என்று சொல்கிறவன் தன்னையே வஞ்சிக்கிறான் என்பார். இரண்டும் ஒரே கடிதத்தில் இருப்பவை. நடுவில் 2:1-ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும். நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு எழுதுகிறேன் என்கிறார் யோவான். அதே மூச்சில், ஒருவன் பாவஞ்செய்தால் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்றும் சொல்கிறார். விசுவாசி பாவத்தில் குடியிருக்க முடியாது. ஆனால் அவன் விழவே மாட்டான் என்று அவர் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய தவறு, பாவப் பட்டியலைச் சுருக்கிக்கொள்வது. குடி இல்லை, சிகரெட் இல்லை, டோட்டோ லாட்டரி வாங்குவதில்லை. சரி, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறோம். வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அதற்குக் கொஞ்சம் முன்புதான், சட்டையைச் சரியாக இஸ்திரி போடவில்லை என்று பணிப்பெண்ணைப் பிள்ளைகள் எதிரிலேயே திட்டியிருப்போம். அவளும் ஜெபத்துக்கு வந்து ஓரமாக உட்காருகிறாள். நாம் கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்கள் பாவங்களை மன்னியும்" என்கிறோம். எந்தப் பாவம்? பணிப்பெண்ணுக்கு மாதம் ஒரு நாளாவது கட்டாய ஓய்வு தர வேண்டும், அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துச் சரிக்கட்டக் கூடாது என்பது 2023 ஜனவரி முதல் இங்கே சட்டம். நன்மை செய்ய அறிந்தும் செய்யாமற்போனால் அது பாவம் என்று யாக்கோபு 4:17 அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே சொல்லிவிட்டது. செய்யாமல் விட்டதையும் கணக்கில் எடுத்தால், "நான் பாவமில்லாமல் வாழ்கிறேன்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மெதடிஸ்ட் சபையார் சிலர், தங்கள் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைத் துணைக்கு அழைப்பார்கள். கிறிஸ்தவப் பரிபூரணத்தை அவர் போதித்தது உண்மை. ஆனால் அவர் முதன்மையாகக் குறித்தது, தெரிந்தே மனமறிய செய்யும் மீறுதலை விட்டு அன்பில் நிறைவதை. அறியாமையும் தவறான கணிப்பும் சாகும்வரை கூட வரும், அவற்றுக்கும் கிறிஸ்துவின் இரத்தம் தேவை என்றார். தான் அந்த நிலையை அடைந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை.

"மனுஷன்தானே, என்ன செய்ய?" என்பது எதிர்ப்பக்கத் தவறு. கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைநிற்கலாமா என்று கேட்டு, கூடவே கூடாது என்று பவுல் ரோமர் 6-இல் கதவைச் சாத்திவிட்டார்.

கடைசியாக, சனிக்கிழமை விழுந்துவிட்டு, ஞாயிறு திருவிருந்துக்கு எந்த முகத்தோடு போவது என்று வீட்டிலேயே தங்கிவிடும் அன்பானவர்களுக்கு ஒரு வார்த்தை. பாவத்தை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 சொல்வது விசுவாசிகளைப் பார்த்துத்தான். யாரையாவது புண்படுத்தியிருந்தால் முதலில் அவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். மத்தேயு 5:24-இல் ஆண்டவர் சொன்ன வரிசை அதுதான். அப்புறம் சபைக்கு வாருங்கள்.