விரலிடுக்கில் ஒளிந்திருந்த புல்விதை

எங்கள் நாய் 4 நாட்களாக முன்னங்காலை ஊன்றாமல் நொண்டியது. பாதத்தின் மெத்தைப் பகுதியில் வெட்டு எதுவும் தெரியவில்லை. கிருமிநாசினியால் கழுவினேன், பலனில்லை. கட்டுப் போட்டேன், நக்கி நக்கி அதை ஈரமாக்கியதில் வீக்கம் கூடியதுதான் மிச்சம்.

பிறகுதான் கவனித்தேன்: இரண்டு விரல்களுக்கு நடுவில் மட்டும் வெள்ளை முடி செம்பழுப்பாக மாறியிருந்தது. ஓயாமல் நக்கும் இடத்தில் எச்சில் கறை அப்படித்தான் படியும். அங்கே முடியைக் கத்தரித்து, வெதுவெதுப்பான உப்புநீரில் 10 நிமிடம் பாதத்தை ஊறவைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். சிறு துளை, அதில் புல்விதையின் வால்! இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்ததும் முழுதாக வந்தது. வால் வெளியே தெரிந்ததால்தான் கைவைத்தேன். உள்ளே புதைந்துவிட்டால் அது தசைக்குள் முன்னேறிக்கொண்டே போகும். கால்நடை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

நக்காதபடி கழுத்தில் கூம்பு மாட்டி, கட்டில்லாமல் உலரவிட்டேன். 2 நாட்களில் காலை ஊன்றி ஓடியது. அப்பாடா!