நிற்கும்போது உதறும் பழைய கார்: பாகம் மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது, கண்ணாடி துடிக்கிறது. வண்டி நகர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய தொல்லை இது. உதறல் எங்கே பிறக்கிறது என்று பார்க்காமலே பாகங்களை மாற்றத் தொடங்குவதுதான் இதில் நடக்கும் முதல் தவறு. ஒருவர் என்ஜினைத் தாங்கும் மவுண்ட் என்பார், இன்னொருவர் ஸ்பார்க் பிளக் என்பார். இரண்டையும் மாற்றிய பிறகும் வண்டி உதறும்.

இங்கே இருப்பது இரண்டு வேறு நோய்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் எரிப்பு தவறி, என்ஜினே சீராக ஓடாமல் மிஸ் அடிப்பது ஒன்று. என்ஜின் ஒழுங்காக ஓடியும், அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் உட்கார்ந்துபோய், வழக்கமான அதிர்வு பாடிக்குள் இறங்குவது மற்றொன்று. இதைப் பிரித்தறியத் தாளமே போதும். 4 சிலிண்டர் என்ஜின் 750 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 750 சுற்று) ஓடும்போது நொடிக்கு 25 முறை எரிப்பு நடக்கிறது. அது மவுண்ட் வழியாக வந்தால் ரீங்காரம் போன்ற நடுக்கமாகத் தெரியும். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாவிட்டால் குலுக்கல் நொடிக்கு ஆறு முறைதான் வரும். இருக்கையில் உட்கார்ந்தபடியே அதைத் தனித்தனி உலுக்கலாக உணரலாம். சைலன்சர் முனையில் காது கொடுத்தால், அதே இடைவெளியில் ஒலி தடுக்கி விழுவதும் கேட்கும்.

அடுத்த தவறு, ஐடில் வேகத்தை, அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் சுற்றும் வேகத்தை, கூட்டிவிடுவது. கார்புரேட்டர் வண்டிகளில் ஸ்க்ரூவைத் திருகினால் உதறல் மறையும், ஆனால் கோளாறு அப்படியே இருக்கும். வண்டியின் கையேட்டில் சொன்ன அளவைவிட வேகம் குறைந்திருந்தால் மட்டும் சரிசெய்யுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பலரும் வேக்குவம் லீக்கை யோசிக்காமலே விடுவதுதான். பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ்கள் காய்ந்து வெடிக்கும். அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால், சிறு ஓட்டைகூடக் கலவையைக் கெடுத்துவிடும். ரேஸ் செய்தால் மொத்தக் காற்று கூடுவதால் அதே ஓட்டை பொருட்டாகத் தெரியாது. என் பழைய காரில் இரண்டு மவுண்ட்டும் நான்கு பிளக்கும் மாற்றியும் உதறல் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், என்ஜினுக்குள் சேரும் வாயுவை அதற்குக் கொண்டுவரும் பிசிவி ஹோஸ் வெடித்திருந்தது. விரலால் மடக்கியபோதுதான் விரிசல் வாய் திறந்தது. உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரே துப்பு கொடுக்கும்: ஃப்யூயல் ட்ரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலில் மிகவும் கூடி, 2,500 ஆர்.பி.எம்.மில் இறங்கினால் லீக்கைத் தேடுங்கள். ஓடும் சூடான என்ஜின் மேல் கார்ப் கிளீனர் (கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து லீக்கைச் சோதிப்பது பலரின் வழக்கம். தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது, வேண்டாம். என்ஜினை நிறுத்திவிட்டு, காற்றுக் குழாய்களுக்குள் புகை விட்டு அது எங்கே கசிகிறது என்று பார்க்கும் சோதனைதான் நல்லது.

மிஸ் அடிக்கும் சிலிண்டரைக் கண்டுபிடிக்க, ஓடும்போதே பிளக் வயரைப் பிடுங்குவதும் தவறு. ஷாக் அடிக்கும், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலும் கெடலாம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள வண்டியில் அதன் மின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் இருந்தால், புதிது வாங்கும் முன் பக்கத்துக் காயிலோடு இடம் மாற்றிப் போடுங்கள். ஸ்கேனரில் பி0301 (முதல் சிலிண்டர் மிஸ்) என்று வந்த கோடு பி0302 (இரண்டாவது சிலிண்டர் மிஸ்) ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) என்று வரிசையாகப் பாருங்கள். வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளி இறுகி வால்வு சரியாக மூடாத என்ஜினில் எத்தனை பிளக் போட்டாலும் பயனில்லை.

செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதை எரித்துவிடும்.

எல்லாம் பார்த்த பிறகு மவுண்ட்தான் என்று உறுதியானால், கெட்டியான பாலியூரித்தேன் வகையைத் தேடாதீர்கள். அது நீண்ட நாள் உழைக்கும்தான், ஆனால் ஐடில் நடுக்கத்தை இன்னும் அதிகமாக உள்ளே அனுப்பும். உள்ளே திரவம் நிரப்பிய மவுண்ட் இருந்த இடத்தில் வெறும் ரப்பர் போட்டாலும் இதே கதிதான். மவுண்ட்டைக் கழற்றும்போது என்ஜினைத் தாங்கிப் பிடிக்க, அதன் அடியில் உள்ள ஆயில் சம்ப்பில் (ஆயில் தொட்டி) நேராக ஜாக்கி வைத்தால் சம்ப் நெளியும், நடுவில் அகலமான மரக்கட்டை வேண்டும். புது மவுண்டின் போல்ட்டுகளை முதலில் தளர்வாக மாட்டி, ஜாக்கியை இறக்கி, என்ஜினின் எடை முழுதும் மவுண்டில் உட்கார்ந்த பிறகே முறுக்குங்கள். முன்பே முறுக்கினால் ரப்பர் திருகியபடியே நிற்கும், புது மவுண்டிலும் நடுக்கம் வரும்.