மேடை, கேமரா, விளம்பரம், இசை: நான்கிலும் வேலை செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும்

நான்கு துறையிலும் ஒரே சமயத்தில் கால் வைக்காதீர்கள். முதலில் ஒன்றில் ஊன்றிக்கொள்ளுங்கள். அது நாடகமாக இருந்தால் நல்லது என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஒரு பாத்திரத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாமல் தாங்கிச் செல்லும் பழக்கம் வேறெங்கும் எளிதில் வராது. முதல் வாசிப்பிலிருந்து கடைசிக் காட்சி வரை இரண்டு மூன்று நாடகங்களில் முழுமையாக இருங்கள். அதில் ஒன்றிலாவது நடிக்காமல் ஒளி, ஒலி, மேடைப் பொருட்கள் என்று பின்னால் நின்று வேலை பாருங்கள். இசையமைக்கவும் இயக்கவும் போகும்போது அந்த அனுபவம்தான் கைகொடுக்கும்.

மேடையிலிருந்து கேமராவுக்கு வருகிறவர்கள் இடறுவது பெரும்பாலும் நடிப்பின் அளவில்தான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் ஃபிரேம் எங்கே வெட்டுகிறது என்று கேளுங்கள்: முழு உடலா, மார்பு வரையா, முகம் மட்டுமா? முழு உடல் தெரிந்தால் நடையும் நிற்கும் விதமும் பேசும். முகம் மட்டும் என்றால் பார்வை சற்றுத் திரும்பினாலே போதும். அங்கே புருவத்தை உயர்த்துவதும் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டுவதும் மிகையாகத் தெரியும். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. மொபைலைக் கண் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆறு வரி வசனத்தை இந்த மூன்று அளவிலும் பதிவு செய்யுங்கள். முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். தேவையற்ற அசைவுகள் அப்போதுதான் கண்ணில் படும்.

குரலைத் தணிக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். மெல்லப் பேசுவதைத் தளர்ந்து பேசுவதாக எண்ணிக்கொண்டு சொல்லின் கடைசி அசையை விழுங்கிவிடுவார்கள். தமிழில் யார் செய்தது என்பதே அந்த அசையில்தான் இருக்கிறது. வந்தானா வந்தாளா என்று தெரியாமல் போனால் காட்சியே குழம்பும். சத்தத்தைக் குறையுங்கள், உச்சரிப்பின் அழுத்தத்தைக் குறைக்காதீர்கள்.

படப்பிடிப்பில் காட்சிகள் வரிசையாக வராது. இன்று 42ஆம் காட்சி, நாளை 3ஆம் காட்சி. ஒரே தாளில் காட்சி எண், உங்கள் பாத்திரம் எங்கிருந்து வருகிறது, அதற்கு இதுவரை என்ன தெரியும், உடல் எவ்வளவு களைத்திருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தீர்கள், எந்தக் கையில் எடுத்தீர்கள் என்பதை வசனத்தின் ஓரத்தில் குறித்துவிடுங்கள். இது மாறினால், நடிப்பு நன்றாக இருந்த டேக்கையே எடிட்டர் ஒதுக்க வேண்டி வரும்.

விளம்பரத்தில் எல்லாமே நொடிக் கணக்கு. 30 நொடி என்பது நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வீதம் 750 ஃபிரேம். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. கடைசி இரண்டு மூன்று நொடிகளைப் பொருளின் பெயருக்கு விட்டுவிட்டால் பேசுவதற்குச் சுமார் 27 நொடிதான் மிஞ்சும். வேறு மொழியிலிருந்து வரும் ஸ்கிரிப்டைத் தமிழாக்கினால் அது பெரும்பாலும் நீண்டுவிடும். உடனே வேகமாகப் படித்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். முதலில் சிதைவது பொருளின் பெயர்தான். வேகத்தைக் கூட்டாதீர்கள், சொற்களை வெட்டுங்கள். சொற்களை எண்ணிக் கணக்குப் போடவும் வேண்டாம்: 'வா' என்பதும் ஒரு சொல், 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதும் ஒரு சொல். இயல்பான வேகத்தில் வாய்விட்டு மூன்று முறை படித்து, ஸ்டாப்வாட்சில் வரும் நேரத்தை நம்புங்கள்.

குரல் பதிவில் மைக்குக்கும் வாய்க்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். 'ப' ஒலியில் காற்று அடித்தால் மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். பதிவு மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். வீட்டில் பதிவு செய்தால் யாரும் பேசாத அறையின் ஒலியை 30 நொடி தனியாக எடுத்து வையுங்கள்; வெட்டிய இடங்களை நிரப்ப அது தேவைப்படும்.

விளம்பரப் பாட்டுக்கு மெட்டுப் போடும் முன் வேகத்தைக் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 128 தட்டு என்றால் 30 நொடியில் 64 தட்டு, அதாவது நான்கு தட்டுக் கணக்கில் சரியாக 16 சுற்று. 96 என்றால் 12 சுற்று. 120 என்றால் 15 சுற்று வரும்; ஒற்றைப்படையில் முடிவதால் கடைசி வரி அந்தரத்தில் நிற்கும். அப்போது 14 சுற்றில் பாட்டை முடித்து, மீதி இரண்டு நொடியை ஒலி அடங்குவதற்கு விடலாம். குறில் வரும் இடத்தில் நீண்ட ஸ்வரம் வைக்காதீர்கள். 'கல்' என்பது 'கால்' ஆகிவிடும். பொருளின் பெயருக்கு அது நேர்ந்தால் பாட்டு தேறாது.

நாடக இசைக்கு இந்தத் துல்லியம் எதிரி. நடிகரின் வேகம் ஒவ்வொரு நாளும் மாறும். அதனால் நான்கு அல்லது எட்டுச் சுற்றுத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடும்படி அமைத்து, முடிவை மட்டும் தனிக் கோப்பாக வையுங்கள். சினிமாவுக்கோ, எடிட்டிங் முடிந்தது என்பதை எழுத்தில் வாங்காமல் பின்னணி இசையைத் தொடங்காதீர்கள். பிறகு ஒரு நொடி வெட்டினாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லா இசை அழுத்தங்களும் காட்சியோடு இடம் தவறும். படம் நொடிக்கு 24 ஃபிரேமா 25ஆ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வேகத்தில் சுமார் 4 சதவீதம் வித்தியாசம். படத்துக்கான ஒலிக்கோப்பு வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வசனத்துக்குக் கீழே இசை வரும் இடத்தில் புல்லாங்குழலும் வயலினும் குரலின் சுருதி எல்லையிலேயே அலைந்தால், ஒலியளவைக் குறைத்தாலும் வசனம் தெளியாது. வாத்தியத்தை வேறு ஸ்தாயிக்கு மாற்றுங்கள்.

இப்படி நான்கில் உழைப்பவர்களைத் திறமைக் குறைவைவிட நாட்குறிப்புதான் அதிகம் கவிழ்க்கிறது. நாடகத்தின் கடைசி ஒத்திகை வாரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். விளம்பரங்கள் கடைசி நேரத்தில்தான் உறுதியாகும் என்பதால், உறுதியான நாளையும் கேட்டு வைத்த நாளையும் வேறு வேறு நிறத்தில் குறியுங்கள். தாடி, முடி வெட்டுவதை எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்காக மழித்தால் இன்னொரு படத்தின் கன்டினியூட்டி (காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் இருப்பது) போகும். மேடையில் கத்தும் வேடம் இருந்தால் மறுநாள் காலையில் பாட்டுப் பதிவு வேண்டாம். களைத்த தொண்டைக்குக் கிசுகிசுப்பும் சுமைதான், பேசாமல் இருப்பதே ஓய்வு. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

விளம்பர ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை காலம், எந்தெந்த ஊர் நாடுகளில், எந்தெந்த ஊடகத்தில், அதே வகைப் பொருளுக்கு வேறு யாரிடமும் நடிக்கக் கூடாதா. கடைசியது இருந்தால் அதற்குத் தனியாகப் பணம் கேளுங்கள், இழப்பது அடுத்த வாய்ப்பை. பாட்டில் மெட்டும் வரியும் ஒரு உரிமை, பதிவு செய்த ஒலி வேறு உரிமை. யாருக்கு எத்தனை சதவீதம் என்று பதிவு நாளன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நிராகரிக்கப்பட்ட மெட்டு உங்களுக்கே திரும்பும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

ஷோரீலை, அதாவது வாய்ப்புக் கேட்கும்போது காட்டும் உங்கள் வேலைத் துண்டுகளின் தொகுப்பை, நான்கு துறைக்கும் கலந்து ஒன்றாகச் செய்யாதீர்கள். துறைக்கு ஒன்று, 60 முதல் 90 நொடி, சிறந்த துண்டு முதல் 10 நொடிக்குள். அதற்கான காட்சிப் பிரதி தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், ஏனெனில் வெளியீடு முடிந்தபின் கேட்டால் எடுத்துத் தர ஆள் இருக்காது.