பச்சை என்றால் எந்தப் பச்சை?

பச்சைப் புடவைக்குப் பொருத்தமாக பிளவுஸ் துணி எடுக்க தி.நகருக்குப் போகிறீர்களா? வெறுமனே "பச்சை கொடுங்க" என்று கேட்காதீர்கள், கடைக்காரர் இருபது பச்சையை எடுத்துப் போட்டுவிடுவார். பெயரோடு கேளுங்கள். தமிழில் நிறத்துக்குப் பெயர் வைப்பது ரொம்ப எளிது, அந்த நிறத்தில் கண்ணெதிரே இருக்கும் பொருளைப் பச்சைக்கு முன்னால் ஒட்டினால் போதும். மஞ்சள் கலந்து பளிச்சென்று இருந்தால் கிளிப்பச்சை, குளத்துப் படியில் வழுக்குமே அந்த மங்கலான நிறம் பாசிப்பச்சை, கறுப்பை நெருங்கும் அளவுக்கு அடர்ந்தது பாட்டில் பச்சை.

மயில் கழுத்து மட்டும் தனி ரகம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் இன்னொரு நிறம் என்று நெய்த பட்டு என்றால் அசைக்கும்போதே நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும், அதனால் மடிப்பைப் பிரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, எது தூக்கலாகத் தெரிகிறதோ அதற்குத் துணி தேடுங்கள்.

இன்னொன்று, பச்சை என்றாலே நிறம்தான் என்றில்லை. பச்சரிசி வெள்ளைதானே? வேகாதது, காயாதது, புதுசு எல்லாமே நமக்குப் பச்சை; பச்சைத் தண்ணீர், பச்சை மண் எல்லாம் அப்படி வந்தவைதான். எனக்கு இந்தச் சொல் மேல் அவ்வளவு பிரியம்.

சரி, பெயர் சொல்லித் துணியும் எடுத்தாச்சு. உடனே பில் போடாதீர்கள். டியூப்லைட்டில் ஒத்துப்போகும் இரண்டு பச்சைகள் வெயிலில் தனித்தனியாகத் தெரியலாம், ஏனென்றால் சாயமும் வேறு, விளக்கொளியும் வேறு. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, புடவையையும் துணியையும் வாசலுக்கு எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.