வேலூருக்கு எந்த பிளேன் சரிப்படும்னு எப்படி பாக்கிறது?

வேலூரோட அப்துல்லாபுரம் ஏர்போர்ட் பேச்ச எடுத்தாலே எல்லாரும் பெரிய ஜெட்டுதான் கேக்கறாங்க, மொதல்ல ரன்வே நீளத்த பாருங்க. ஏடிஆர் 72 மாதிரி டர்போபிராப்புக்கு (ப்ரொப்பெல்லர் வச்ச பிளேன்) சுமார் 1,300 மீட்டர் போதும், ஏ320 மாதிரி ஜெட்டுக்கு 2,000 கிட்ட வேணும். நம்ம ரன்வே ஏடிஆருக்கே பத்தாது, அதான் 19 சீட் பிளேன் பேச்சு.

அப்புறம் தூரம், இதுதான் முக்கியம். 500 கிலோமீட்டருக்குள்ளன்னா ஜெட் மேல ஏறி வேகம் புடிக்கறதுக்குள்ள எறங்க ஆரம்பிச்சுடும், ஏடிஆர் மணிக்கு 500 சொச்சம்தான் போகும் ஆனா நேரத்துல பெரிய வித்தியாசம் வராது, எரிபொருள் நல்லாவே மிச்சம், ஏன்னா ப்ரொப்பெல்லர் நெறைய காத்த மெதுவா பின்னாடி தள்ளுது, அந்த வேகத்துல அதான் லாபம்.

சீட்டையும் பாருங்க, சின்ன ஊர்ல ஏடிஆரோட 70 சீட்ட ரொப்பலாம், ஏ320ஓட 180 கஷ்டம்.